அச்சில் வெட்டுப்பட்ட மூன்றில் ஒரு பங்கு

கல்லிடைக்குறிச்சி அப்பளத்தை இட்டுத்தான் எங்கள் ஆச்சி மூன்று பிள்ளைகளை வளர்த்தாள். முப்பது வயதாவதற்குள் தாத்தா போய்விட்டார். அதற்குப் பிறகு விடிந்தால் மாவு, சாய்ந்தால் எண்ணிக்கை. நூற்றுக்கு இவ்வளவு என்று கூலி. ஆனால் எங்கள் குடும்பப் படங்கள் எதிலும் ஓர் அப்பளம்கூடக் கிடையாது. கல்யாணம் இருக்கிறது, காதுகுத்து இருக்கிறது, வளைகாப்பு, குற்றாலம் போனது, திருச்செந்தூர் போனது எல்லாம் இருக்கிறது. ஆச்சி உட்கார்ந்து வேலை செய்யும் படம் மட்டும் இல்லை.

இந்த வேலையை நான் தொடங்கியது அதனால்தான். இருக்கிற பழைய படங்களையும் புதிதாக எடுக்கப்போகும் படங்களையும் சேர்த்து, ஆச்சி மடியில் வைத்துப் புரட்டக்கூடிய ஒரு சிறு புத்தகம் செய்ய வேண்டும். அதில் அவள் கதை இருக்க வேண்டும். எதை எப்படிச் செய்தேன், எதை ஏன் விட்டேன் என்பதை எழுதிவைக்கிறேன். வீட்டில் பழைய நெகட்டிவ் கவரும் படம் நிறைந்த பிஸ்கட் டின்னும் வைத்திருக்கிறவர்களுக்கு உதவும்.

கையில் இருந்தவை மூன்று வகை. 1974-இல் வீட்டிலேயே நடந்த பெரியம்மா கல்யாணத்தின் கருப்பு வெள்ளை ஆல்பம். எழுபதுகளின் கடைசியில் மாமா ஒரு அக்ஃபா கிளிக் த்ரீ கேமராவில் எடுத்த சதுரப் படங்கள். தொண்ணூறுகளின் கலர் பிரிண்டுகள். இவற்றோடு, அந்தக் கல்யாணத்தை எடுத்த ஸ்டுடியோ கடையை மூடியபோது வாடிக்கையாளர்களுக்குத் திருப்பிக் கொடுத்த நெகட்டிவ்கள், பழுப்புக் காகித உறையில். அந்தக் காலத்தில் நெகட்டிவ் ஸ்டுடியோவிடமே இருக்கும். நம்பரைச் சொன்னால் இன்னொரு பிரிண்ட் போட்டுத் தருவார்கள். அதனால் பெரும்பாலான வீடுகளில் பிரிண்ட் மட்டுமே உண்டு. எங்களுக்கு நெகட்டிவும் கிடைத்தது பெரிய அதிர்ஷ்டம்.

சாதாரண நாள் ஏன் படத்தில் இல்லை என்பதற்கு அந்த நெகட்டிவே பதில் சொல்கிறது. கல்யாண வீடுகளில் அப்போது ஸ்டுடியோக்காரர்கள் கொண்டுவந்தது யாஷிகா போன்ற இரட்டை லென்ஸ் கேமரா. கழுத்தில் தொங்கவிட்டு, மேலிருந்து குனிந்து பார்த்து எடுப்பார்கள். அதில் போடும் 120 பிலிமில் ஒரு சுருளுக்கு 12 படம். நல்ல பிலிம் கிடைப்பதே சிரமமாக இருந்த காலம்; கிழக்கு ஜெர்மனியின் ஆர்வோ, ஊட்டியில் தயாரான இந்து, இவைதான் பரவலாகப் புழங்கின. எங்கள் நெகட்டிவ் ஓரத்திலும் ஆர்வோ என்ற எழுத்து இருக்கிறது. 12 படத்துக்குள் ஒரு கல்யாணத்தை அடக்க வேண்டுமென்றால் மாலை மாற்றுவது, தாலி கட்டுவது, ஊஞ்சல், இரண்டு வீட்டார் குரூப் என்று கணக்குப் போட்டுத்தான் விரலை அழுத்துவார்கள். வாசலில் காய்கிற அப்பளத்துக்கு ஒரு படம் செலவழிக்க யாருக்குத் தோன்றும்? தோன்றியிருந்தாலும் அதற்குக் காசு யார் கொடுப்பார்கள்?

நெகட்டிவைப் படமாக்கியது

ஸ்கேனர் வாங்கவில்லை. கையில் இருந்த 24 மெகாபிக்சல் கேமராவாலேயே நெகட்டிவைப் படம் எடுத்தேன். 120 பிலிமின் சதுர நெகட்டிவ் பக்கத்துக்கு ஏறத்தாழ 56 மில்லிமீட்டர். 35 மில்லிமீட்டர் பிலிமோடு ஒப்பிட்டால் பரப்பில் மூன்றரை மடங்குக்கும் மேல். இவ்வளவு பெரிய நெகட்டிவுக்கு விலை உயர்ந்த மேக்ரோ லென்ஸ் தேவையில்லை. சாதாரண 50 மில்லிமீட்டர் லென்ஸும், கேமராவுக்கும் லென்ஸுக்கும் நடுவில் எக்ஸ்டென்ஷன் டியூப் என்னும் வெற்றுக் குழாயும் போதும். என் கேமராவில் இப்படி எடுத்தால் ஓர் அங்குலத்துக்கு 1800 புள்ளிகள் அளவுக்குக் கிடைக்கிறது. நெகட்டிவில் இருக்கும் முகச்சுருக்கம், சேலைக் கரை எல்லாம் வந்துவிடும்.

அடியில் வெளிச்சத்துக்கு, படம் வரையப் பயன்படும் எல்இடி பலகை. அது இல்லாதவர்கள் டேப்லெட் திரையை வெள்ளையாக்கி வைக்கலாம். அப்போது நெகட்டிவைத் திரைக்கு மேல் ஐந்தாறு சென்டிமீட்டர் உயரத்தில் தூக்கி வைக்க வேண்டும், இல்லாவிட்டால் திரையின் புள்ளிகளும் சேர்ந்து விழும். கருப்பு அட்டையில் நெகட்டிவ் அளவுக்குச் சதுரம் வெட்டி, அதைச் சுற்றிலும் வெளிச்சம் கசியாமல் மூடினேன். வெட்டும்போது படச் சட்டத்தைவிட ஒரு நூல் கூடுதலாகவே வெட்டினேன். நெகட்டிவின் கடைசி விளிம்புவரை, அதற்கு வெளியே இருக்கும் எழுத்துவரை, கேமராவில் விழ வேண்டும். இந்த வேலையில் மிக முக்கியமான முடிவு இதுதான் என்று இப்போது நினைக்கிறேன்.

கேமரா நெகட்டிவுக்கு நேர் செங்குத்தாக நிற்க வேண்டும். அதற்கு ஒரு நல்ல வழி உண்டு. நெகட்டிவ் இருக்கும் இடத்தில் ஒரு சின்னக் கண்ணாடியை வையுங்கள். கேமரா வழியே பார்த்தால் லென்ஸின் பிம்பம் படத்தின் நட்டநடுவில் தெரிய வேண்டும். தெரிந்தால் நேர். அப்புறம் அப்பர்ச்சர் 8, ஐஎஸ்ஓ 100, இரண்டு விநாடி டைமர், ரா ஃபைல் (கேமரா சுருக்காமல் அப்படியே பதியும் ஃபைல்). சீலிங் ஃபேனை நிறுத்திவிடுங்கள். நெகட்டிவ் காற்றில் மிக மெல்ல ஆடினாலும் படம் மங்கும்.

சுத்தம் செய்வதில் அவசரம் கூடாது. ரப்பர் பல்பால் ஊதுவது, மென்மையான பிரஷால் தொட்டும் தொடாமலும் துடைப்பது, அவ்வளவே. பூஞ்சை பிடித்த நெகட்டிவில் தண்ணீர் படவே கூடாது. மருந்துப் பூச்சில் இருக்கும் ஜெலட்டினைப் பூஞ்சை தின்று வைத்திருக்கும்; தண்ணீர் பட்டால் படமே கரைந்து வந்துவிடும். எங்கள் உறையில் சில நெகட்டிவ்களில் பூஞ்சை நரம்பு நரம்பாக ஓடியிருந்தது. அவற்றை ஊதிவிட்டு அப்படியே எடுத்தேன். கறை தெரிகிறது, தெரியட்டும். முகத்தின் மேல் விழுந்ததை மட்டும் கணினியில் சரிசெய்தேன்.

கருப்பு வெள்ளை நெகட்டிவைக் கணினியில் நேர்ப்படமாகத் திருப்புவது எளிது. டார்க்டேபிள் மென்பொருளில் நெகட்டிவுக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது, கிம்ப்பிலும் செய்யலாம். படம் இடம் வலம் மாறியிருக்கிறதா என்று பார்க்கத்தான் கொஞ்சம் கவனம் வேண்டும். மங்கலான பக்கம் மருந்துப் பக்கம். அது லென்ஸைப் பார்த்திருந்தால் படம் கண்ணாடி பிம்பமாக வரும், கணினியில் மாற்றிக்கொள்ளலாம். சந்தேகம் வந்தால் முந்தானையைப் பாருங்கள். இடது தோளில் இருக்க வேண்டும். ஆண்களுக்குச் சட்டைப் பை இடது மார்பில்.

ஓரத்தில் இருந்தது

தாலி கட்டும் படம் ஆல்பத்தில் நெட்டுவாக்கில் போஸ்ட்கார்டு அளவில் இருக்கிறது. நடுவில் பெரியம்மாவும் பெரியப்பாவும். பக்கத்தில், கன்னிகாதானம் செய்துகொடுத்த சின்னத்தாத்தாவும் சின்ன ஆச்சியும். சிறு வயதிலிருந்து பார்த்துப் பழகிய படம்.

சதுர நெகட்டிவை அப்படி நெட்டுவாக்கில் பிரிண்ட் போட்டால் அகலத்தில் மூன்றில் ஒரு பங்கு வெட்டுப்பட்டுவிடும். ஸ்டுடியோக்காரர்கள் அதைத் தெரிந்தேதான் கொஞ்சம் தள்ளி நின்று எடுப்பார்கள். இருட்டறையில் பிரிண்ட் போடும்போது வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்வார்கள். அது தொழில் முறை. குறை சொல்ல ஒன்றுமில்லை.

அந்த நெகட்டிவைத் திருப்பியபோது வலது ஓரத்தில், திண்ணைப் பக்கம், ஒரு பாய் விரித்திருந்தது தெரிந்தது. அதன்மேல் வட்டவட்டமாக, வரிசை பிசகாமல், வெள்ளையாக. அப்பளம். பாதிப் பாய்தான் சட்டத்துக்குள் இருக்கிறது. இடது ஓரத்தில், மரத்தூணுக்குப் பின்னால், பாதி உடல் மறைய ஒரு பெண். கழுத்தில் ஒன்றுமில்லை, நெற்றியில் ஒன்றுமில்லை. ஆச்சி. மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்த்துக்கொண்டு நிற்கிறாள். அப்போது அவளுக்கு நாற்பதுகூட ஆகவில்லை.

வேலை செய்யும் படம் இல்லையே என்று தேடிய எனக்கு, கல்யாண ஆல்பத்தின் எந்தப் பக்கத்திலும் ஆச்சியே இல்லை என்பது அன்றுதான் உறைத்தது. குரூப் போட்டோவிலும் இல்லை.

பெரிதாகப் பிரிண்ட் போட்டு ஆச்சியிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "ஏட்டி, பொண்ணும் மாப்ளையும் நடுவுல இருக்காவ, நீ எதுக்கு ஓரத்தப் பாக்க?" என்றாள். பாயைக் காட்டினேன். "அதுவா? பந்திக்கு இட்டது. மொத நாளு ராத்திரி மழத் தூத்தல், சரியாக் காயல. மறுநா காலைல எடுத்துப் போட்டேன். வெளியிலயா வாங்க முடியும்? அன்னைக்குப் பொரிச்சது பூரா நான் இட்டதுதான்." தூணைக் காட்டியபோது, "தாலியறுத்தவ மணவறைப் பக்கம் வரக் கூடாதும்பாவ. யாரும் சொல்லுததுக்கு முன்னாடி நானே தள்ளி நின்னுகிட்டேன். அங்கன நின்னாலும் எல்லாந் தெரிஞ்சுது" என்றாள்.

இந்த மூன்று வாக்கியங்களுக்குப் பிறகு புத்தகம் எதைப் பற்றி என்பதில் எனக்குக் குழப்பம் இல்லை. அப்பளம் எப்படிச் செய்வது என்ற புத்தகம் அல்ல. படத்துக்குள் கூப்பிடப்படாத ஒருத்தி அந்த வீட்டில் என்னென்ன செய்துகொண்டிருந்தாள் என்பதுதான் கதை. அதன்பின் எல்லா நெகட்டிவையும் ஓரத்திலிருந்து பார்க்க ஆரம்பித்தேன். ஊஞ்சல் படத்தில் அடுக்களை வாசலில் ஒரு கை மட்டும் தெரிகிறது. குரூப் படத்தில் சன்னலுக்குள் ஒரு முகம். மாமா எடுத்த கிளிக் த்ரீ படங்களில் ஒன்றில், சைக்கிளோடு நிற்கும் மாமாவின் நண்பருக்குப் பின்னால், கொடியில் காயும் சேலைக்குக் கீழே அப்பளக் குழவியும் பலகையும் சுவரில் சாய்த்து வைத்திருக்கின்றன. யாரும் எடுக்க நினைக்காத படங்கள் இவை, ஆனாலும் பதிவாகிவிட்டன.

எங்கள் ஊரான கல்லிடைக்குறிச்சிக்கு இதில் ஒரு பழைய அனுபவம் உண்டு. குலசேகரமுடையார் கோவிலில் 1982-இல் திருடுபோன நடராஜர் சிலை, ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரக் கலைக்கூடத்திலிருந்து 2019-இல் திரும்பி வந்தது. அது எந்தக் கோவில் சிலை என்று நிரூபிக்க உதவியது புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தின் சேகரிப்பில் இருந்த பழைய புகைப்படம். எடுத்தவர்கள் ஆய்வுக்காக எடுத்தார்கள். ஒரு நாள் அது சாட்சி சொல்லும் என்று நினைத்திருக்க மாட்டார்கள். நெகட்டிவைத் தூக்கிப் போடாதீர்கள் என்று யாரிடமாவது சொல்ல வேண்டி வந்தால் நான் இதைத்தான் சொல்கிறேன்.

கேட்டு எழுதியது

படத்தைக் காட்டி "இது யார்?" என்று கேட்டால் பெயர் மட்டும்தான் வரும். பெயரும் வேண்டும், அதை முதலில் ஒரு சுற்று எழுதிக்கொண்டேன். கதை வருவதற்கு வேறு மாதிரிக் கேட்க வேண்டியிருந்தது. "இந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் என்ன இருந்தது?", "இந்தப் படம் எடுக்கும்போது அடுப்பில் என்ன?", "இந்தச் சேலை யார் கொடுத்தது?" இப்படிக் கேட்டால் ஆச்சி படத்துக்குள் நடக்க ஆரம்பித்துவிடுவாள். சேலையில் தொடங்கி, அப்பளக் கூலியைச் சேர்த்துவைத்த மஞ்சள்பை, அதை ஒளித்துவைத்த குதிர், மாவு இடிக்க வந்த பக்கத்து வீட்டு அம்மா என்று போகும். போனில் ஒலிப்பதிவை ஓடவிட்டு, போனைக் கவிழ்த்து வைத்துவிடுவேன். திரை தெரிந்தால் அவள் பேச்சு திருத்தமாகிவிடும், எனக்கு அது வேண்டாம்.

ஒருவரை மட்டும் கேட்டு நிறுத்தக் கூடாது. அதே தாலி கட்டும் படத்தைப் பெரியம்மாவிடம் காட்டியபோது அவளுக்குத் தூணுக்குப் பின்னால் அம்மா நின்றதே தெரியாது. "எங்க இருந்தாளோன்னு அன்னைக்குப் பூரா தேடினேன்" என்றாள். புத்தகத்தில் இரண்டு பேச்சும் அடுத்தடுத்த பக்கங்களில் இருக்கின்றன. நான் இடையில் ஒரு வரியும் எழுதவில்லை.

புதிய படங்கள்

ஆச்சிக்கு இப்போது 85 வயதைத் தாண்டிவிட்டது, குழவி பிடிப்பதில்லை. ஆனால் தெருவில் இன்னும் இடுகிறார்கள். இரண்டு வீடுகளில் கேட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். ஓர் அக்கா, "மூஞ்சி வேண்டாம், கைய மட்டும் எடு" என்றார். கையை மட்டும்தான் எடுத்தேன். அந்தப் படங்கள்தான் புத்தகத்தில் வலுவானவை. ஆச்சியையும் ஒரு நாற்காலியில் கூட்டிக்கொண்டுபோய் உட்கார வைத்தேன். அவள் வேலையைப் பார்த்துத் திருத்தம் சொல்வதும், அந்த அக்கா பொறுமையாகக் கேட்டுக்கொள்வதுமாகப் படத்துக்கு உயிர் வந்தது.

எடுக்கிற பொருளின் வேலை ஓட்டம் தெரியாமல் கேமராவைத் தூக்கினால் ஒன்றும் கிடைக்காது. உளுந்து மாவில் உப்பும் அப்பளக்காரமும் பெருங்காயமும் கரைத்த தண்ணீரை விட்டுக் கெட்டியாகப் பிசைவார்கள். எண்ணெய் தொட்டு இடித்து இடித்து மாவு இளகி வரும். அதைக் கயிறாகத் திரித்து, நூலைச் சுற்றி இழுத்துச் சமமான துண்டுகளாக அறுப்பார்கள். அப்புறம் மாவில் புரட்டிப் பலகையில் இடுவது. இடித்த மாவு காய்ந்து இறுகுவதற்குள் எல்லாவற்றையும் இட்டு முடிக்க வேண்டும், யாரும் நமக்காக நிறுத்திக் காட்ட மாட்டார்கள். முதலில் கேமராவே இல்லாமல் உட்கார்ந்து பார்த்தேன். நூல் இழுக்கும்போது தோள் எப்படிப் போகிறது, எந்த நேரத்தில் நிமிர்ந்து பெருமூச்சு விடுகிறார்கள் என்று தெரிந்த பிறகுதான் எங்கே உட்கார வேண்டும் என்று புரிந்தது. தரையில், அவர்கள் முழங்கால் உயரத்தில். நின்றுகொண்டு எடுத்தால் எல்லோரும் குனிந்த உச்சந்தலைகளாகத் தெரிவார்கள்.

வெளிச்சம் பற்றிக் கொஞ்சம். பாய் நிறைய வெள்ளை அப்பளம் இருந்தால் கேமரா ஏமாந்து படத்தை இருட்டாக்கும். வெளிச்ச அளவை ஒரு ஸ்டாப், அதாவது இரு மடங்காக, கூட்டி வைத்தேன். இட்ட பச்சை அப்பளத்தைச் சன்னலுக்கு எதிரே தூக்கிப் பிடித்தால் வெளிச்சம் அதன் ஊடே வரும். பிடித்திருக்கும் விரல்கள் நிழலாகத் தெரியும். அதற்கு மட்டும் பின்னால் இருட்டாக ஏதாவது இருக்க வேண்டும். ஃபிளாஷ் ஒருமுறைகூடப் போடவில்லை. காலை எட்டு மணிக்கு முன்னால் நடைவாசல் வெளிச்சமே போதும். 35 மில்லிமீட்டர் லென்ஸ் ஒன்றைத் தவிர வேறெதையும் எடுத்துப்போகவுமில்லை. தூரத்திலிருந்து இழுத்து எடுக்கும் லென்ஸ் இந்த மாதிரி வேலைக்கு உதவாது என்பது என் உறுதியான எண்ணம். பக்கத்தில் உட்கார அனுமதி இல்லாத இடத்தில் படம் எடுப்பதற்கு நமக்கு உரிமையும் இல்லை.

இன்னொன்று. ஓரத்தை மதிப்பது என்று முடிவு செய்ததால் புதிய படங்களிலும் சட்டத்தை நெருக்கவில்லை. கை, குழவி, பலகை இவற்றோடு சுவரில் மாட்டியிருக்கும் தினசரிக் காலண்டரும், மூலையில் சார்ஜில் கிடக்கும் போனும், பள்ளிக்கூடப் பையும் உள்ளே வரட்டும் என்று விட்டேன். இப்போது பார்க்க இடைஞ்சலாகத்தான் இருக்கிறது. ஐம்பது வருஷம் கழித்து யாராவது பார்த்தால் அவர்களுக்கு அதுதான் விஷயம்.

வரிசை

பழையது புதியது எல்லாவற்றையும் மலிவான சின்ன அச்சாகப் போட்டுக் கூடத் தரையில் பரப்பினேன். கணினித் திரையில் வரிசை அமைக்க முடியாது. அங்கே ஒவ்வொரு படத்தையும் தனித்தனியாக ரசித்துக்கொண்டிருப்போம். தரையில் போட்டால் எந்த இரண்டு படங்கள் ஒரே சேதியைச் சொல்கின்றன என்று உடனே தெரிகிறது. அப்படி இருந்தால் அழகானதை எடுத்துவிட்டு, விவரம் அதிகமுள்ளதை வைத்துக்கொண்டேன். இது மனசுக்குக் கஷ்டமான வேலை. வெளிச்சம் ஊடுருவும் அப்பளப் படங்களில் ஒன்றைத் தவிர எல்லாம் போய்விட்டன.

முதலில் எல்லோரும் சொன்ன யோசனை, 1974-இன் பாயையும் இன்றைய பாயையும் எதிரெதிர்ப் பக்கங்களில் வைப்பது. வைத்துப் பார்த்தேன். அன்று, இன்று என்று கண் ஒப்பிட்டு முடித்துவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போய்விடுகிறது. ஆச்சி காணாமல் போகிறாள். எடுத்துவிட்டேன். இப்போது இருக்கும் வரிசை வேறு. தொடக்கத்தில் எல்லோருக்கும் தெரிந்த ஆல்பப் பிரிண்ட், வெட்டிய அளவிலேயே. அப்புறம் பல பக்கங்களுக்கு வேலைதான்: மாவு, நூல், குழவி, கை, பாய். நடுவில் ஆச்சியின் பேச்சு. பாதிப் புத்தகம் தாண்டிய பிறகுதான் அதே தாலி கட்டும் படம் முழுச் சதுரமாக வருகிறது. அதற்குள் பார்க்கிறவர்களுக்கு அப்பளம் பழகியிருக்கும்; வலது ஓரப் பாயை அவர்களே கண்டுபிடிப்பார்கள். தூணை நான் காட்டித் தர வேண்டியதில்லை. இதைச் சோதிக்க, கதை தெரியாத ஒரு தோழியிடம் கொடுத்துப் பேசாமல் இருந்தேன். அந்தப் பக்கத்தில் அவள் கை நின்றது.

படத்துக்குக் கீழே எழுதுவதில் ஒரே ஒரு கட்டுப்பாடு வைத்துக்கொண்டேன்: கண்ணுக்குத் தெரிவதை எழுதக் கூடாது. "ஆச்சி திண்ணையில் அமர்ந்திருக்கிறாள்" என்று எழுதினால் படமும் வீண், வரியும் வீண். அந்தப் படத்துக்குக் கீழே இப்போது இருப்பது அவள் சொன்னது: "இந்தத் தூண்ல சாஞ்சாத்தான் இடுப்பு வலிக்காது." பேச்சைத் திருத்தி எழுத்துத் தமிழாக்கவில்லை. பெயர், வருஷம், இடம் எல்லாம் கடைசிப் பக்கத்தில் தனியாக, எழுத்துத் தமிழில்.

அச்சும் தையலும்

டிஜிட்டல் அச்சகங்களில் 12க்கு 18 அங்குலத் தாள் எளிதாகக் கிடைக்கும். அதைக் குறுக்கே இரண்டாக வெட்டினால் 12க்கு 9. மடித்தால் 6 அங்குல அகலமும் 9 அங்குல உயரமும் உள்ள பக்கம். சதுரப் படத்துக்கு மேலும் கீழும் இடம் கிடைக்கும், கீழே பேச்சை வைக்கலாம். தாளின் இழை முதுகுப் பக்கத்துக்கு இணையாக ஓட வேண்டும், இல்லாவிட்டால் மடிப்பு வெடிக்கும், பக்கம் விறைத்து நிற்கும். ஓரத்தில் சின்னதாகக் கிழித்துப் பார்த்தாலே இழை போகும் திசை தெரிந்துவிடும். 170 ஜிஎஸ்எம் மேட் தாள் எடுத்தேன். பளபளப்புத் தாளில் கருப்பு ஆழமாக இருக்கும் என்பது உண்மைதான். ஆனால் ஆச்சி டியூப்லைட் வெளிச்சத்தில் பார்ப்பவள், பளபளப்பு கண்ணில் அடிக்கும்.

தமிழ் எழுத்தில் ஒரு எச்சரிக்கை. அச்சகத்தின் பழைய மென்பொருளில் யூனிகோட் எழுத்தைத் திறந்தால் கொம்பும் காலும் இடம் மாறிவிடும். வீட்டிலேயே பக்கங்களை முடித்து, எழுத்துருவை உள்ளே பதித்த பிடிஎஃப் ஆகக் கொடுத்தேன். கொடுத்த பிறகும் ஒரு பக்கத்தைச் சோதனை அச்சு எடுத்து, கண்ணால் ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கருப்பு வெள்ளைப் படங்களின் நிழல் பகுதி திரையில் தெரிவதைவிட அச்சில் இருண்டு வரும் என்பதும் அப்போதே தெரிந்துவிடும். தூணுக்குப் பின்னால் இருக்கும் முகத்துக்காக அந்தப் படத்தின் நிழலை மட்டும் கொஞ்சம் தூக்கினேன்.

நான்கு தாளை ஒன்றுக்குள் ஒன்று மடித்தால் 16 பக்கம். அப்படி மூன்று கட்டு. ஒவ்வொன்றிலும் மடிப்பில் ஐந்து துளை போட்டு, மெழுகு தடவிய தடித்த பருத்தி நூலால் கட்டுகளைச் சேர்த்துத் தைத்தேன். முதுகுக்கு மெல்லிய காடா ஒட்டி, மேலே ஆச்சியின் பழைய நூல் சேலைத் துண்டு சுற்றிய அட்டை. உள்பக்க மடிப்பில் ஒன்றரை சென்டிமீட்டர் இடம் விட்டிருந்ததால் எந்த முகமும் தையலுக்குள் போகவில்லை. ஓரத்துக்காகவே செய்த புத்தகத்தில் ஓரம் மடிப்புக்குள் போய்விடக் கூடாது என்று இதில் மட்டும் பிடிவாதமாக இருந்தேன்.

ஆச்சி புத்தகத்தை முதலிலிருந்து பார்க்கவில்லை, நடுவில் திறந்தாள். நூல் இழுக்கும் படத்தில் நின்று, "இந்தப் பிள்ள நூல ரொம்ப இறுக்குதா, துண்டு சாயும்" என்றாள். பெரியம்மா ஒரு பிரதி கேட்டாள், கூடவே முழுச் சதுரப் படம் தனியாகப் பெரிதாக வேண்டும் என்றாள், சட்டம் போட. வீட்டுக் கூடத்தில் மாட்டியிருந்த வெட்டிய பிரிண்டைக் கழற்றி இதை மாட்டியிருக்கிறாள்.

நெகட்டிவ்களை அமிலமற்ற காகித உறைகளில், ஒன்றுக்கு ஓர் உறையாக மாற்றி, சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் வைத்திருக்கிறேன். ஃபைல்களின் ஒரு பிரதி என்னிடம், ஒன்று தம்பியிடம் வேறு ஊரில். அடுத்தது தொண்ணூறுகளின் கலர். ஒட்டும் பிளாஸ்டிக் பக்கங்கள் உள்ள ஆல்பத்தில் கிடக்கின்றன, பின்பக்கப் பசை மஞ்சளாகிவிட்டது. மெழுகில்லாத பல் இடுக்கு நூலைப் படத்துக்கு அடியில் விட்டு மெல்ல அறுத்தபடி விடுவித்துக்கொண்டிருக்கிறேன். கண்ணாடிச் சட்டத்தோடு ஒட்டிப்போன இரண்டு படங்களைப் பிரிக்கப் போவதில்லை, கண்ணாடியோடு வைத்தே எடுத்துவிடுவேன். ஐப்பசி மழை பிடிப்பதற்குள் ஆல்பத்தை முடித்தாக வேண்டும்.